ஒரே ஒரு தடவை

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, என் மைத்துனரின் தோட்டம் இருக்கிறது. சென்ற ஆனி மாதம் ஒரு வாரம் அங்கே போய்த் தங்கியிருந்தேன். பட்டணத்தில் எழுத்து ஓடவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன், அங்கேயும் ஓடவில்லை. முதல் நாள் இரவு திண்ணையில் படுத்திருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. விநாடிக்கு ஒரு தரம், 'டிக்... டிக்...' என்று. சுவர்க் கடிகாரம் என்று எண்ணித் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் அந்த வீட்டில் சுவர்க் கடிகாரமே கிடையாது. மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு கம்பத்தில் மாட்டியிருந்த சிறு பெட்டிதான் அப்படி எண்ணிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு மேலே, வானத்தைப் பார்த்தபடி ஒரு சூரியத் தகடு.

"சோலார் வேலிங்க, மாப்பிள்ளை" என்றார் மைத்துனர். புதிதாகப் பிறந்த பேரனைக் காட்டுகிறவர் மாதிரி ஒரு பெருமிதம் அவர் முகத்தில்.

கொறங்காட்டைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மழையை நம்பிக் கிடக்கும் மேய்ச்சல் நிலம் அது. கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை வேலியுமாக இருக்கும். காங்கயம் காளைகளின் பெயர் சீமையெல்லாம் பரவியதற்கு இந்தக் காடுகள் ஒரு காரணம். கிளுவைக் குச்சியை நட்டு, அது முள்ளும் பின்னலுமாக ஆள் உயரத்துக்கு வளர வருஷக் கணக்கில் காத்திருப்பார்கள். தாத்தா நட்ட வேலியைப் பேரன் அனுபவிப்பான். அப்பேர்ப்பட்ட வேலி இருக்கும்போது கம்பி எதற்கு?

நாய்தான் காரணம். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் சில வருஷங்களாகத் தெருநாய்கள் கூட்டமாக வந்து பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகின்றன. 2025-இல் செத்த ஆடுகளோடு சாலைக்கே வந்து விவசாயிகள் நஷ்டஈடு கேட்டார்கள். என் மைத்துனருக்கு ஒரே ராத்திரியில் பதினோரு ஆடுகள் போயின. கிளுவையின் அடியில் நாய் நுழைகிற சந்து எப்போதும் இருக்கும். ஆகவே வேலிக்கு உட்புறமாகத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பி, முழங்கால் உயரத்தில் ஒன்று, மாட்டுக்காக இடுப்பளவில் ஒன்று என்று இழுத்துவிட்டார்.

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துப் பாதியில் விட்ட பௌதிகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை ஆராய்ந்தேன். பகலில் தகடு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றை நிரப்புகிறது. பெட்டி அதைப் பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருக்கி, விநாடிக்கு ஒரு தரம் கம்பியில் தட்டிவிடுகிறது. அந்தத் தட்டு, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. சுருக்கென்று வலிக்கும், உயிர் போகாது. தொட்ட ஜீவனின் உடம்பு வழியாக மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி, புதைத்து வைத்த இரும்புக் கம்பி வழியே பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் கம்பியில் உட்கார்ந்த குருவிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் மண் காய்ந்துபோன கோடையில் அந்த இரும்புக் கம்பியின் மூட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. மாடு குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் வேலிக்குத் தண்ணீர்!

இதையும் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுகிற பாதகத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது. அது சட்டப்படி குற்றம். எல்லாச் சட்டத்துக்கும் மேலே, அது கொலை. 2023 மார்ச்சில் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்து நின்றன. அதில் விவாதிக்க எதுவும் இல்லை. என் மனத்தை அரித்தது, யாரையும் கொல்லாத இந்த நல்ல வேலிதான்.

"ஒரே ஒரு தடவைதானுங்க, மாப்பிள்ளை. பட்டுச்சுன்னா சென்மத்துக்கும் அந்தப் பக்கம் மூஞ்சியைக் காட்டாதுங்க" என்றார் மைத்துனர்.

இரண்டாம் நாள் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். சந்தையில் வாங்கி வந்த கிடாரி ஒன்று, புதுக் காட்டை முகர்ந்துகொண்டே போய், பளபளக்கிற கம்பியை மூக்கால் தொட்டது. மறுகணம் நாலு காலும் தரையில் இல்லை. காட்டின் நடுவுக்கு ஓடி நின்று திரும்பிப் பார்த்தது. அதன் கண்ணில் இருந்ததை வலி என்று சொல்ல மாட்டேன். வலி அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். தன்னை அடித்தது யார் என்று அது தேடிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

பழைய காலத்து வழிகள் தர்மமானவை என்று நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. முன்னங்காலில் தளை போட்டோம். வேலி தாண்டுகிற மாட்டின் கழுத்தில் கட்டையைத் தொங்கவிட்டோம். மூக்கைக் குத்திக் கயிறு கோத்தோம். பயிரில் வாய் வைத்த மாட்டைப் பவுண்டில் அடைத்து, பட்டினி போட்டு, சொந்தக்காரனிடம் தண்டமும் வாங்கினோம். கன்றைக் கொன்றதற்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டதாகச் சோழனுக்குப் பெருமை பேசுகிற நாம்தான் இவ்வளவும் செய்தோம். மின்வேலியைப் பரப்பிய நியூஸிலாந்துக்காரர் பில் கல்லாகருக்கு இந்த யோசனை 1930-களில் ஒரு குதிரையால் வந்ததாம். அது அவருடைய மோட்டார் காரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கார் அசைந்தால் குதிரைக்கு அதிர்ச்சி கொடுக்கும்படி ஓர் ஏற்பாடு செய்தார். சாட்டையால் அடித்திருந்தால் குதிரைக்கு இன்னும் அதிகம் வலித்திருக்கும்.

இருந்தாலும், கிளுவை முள்ளில் ஒரு நேர்மை இருக்கிறது. குத்துவேன் என்று அது முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. முள் பட்டுப்போனால் மாடு கண்டுகொண்டு தாண்டிவிடும். கம்பி அப்படியல்ல. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கிறது. முதல் அடி மட்டுமே பெட்டியின் வேலை; அப்புறம் தன்னைக் காவல் காக்கிற உத்தியோகத்தை மாடே எடுத்துக்கொள்கிறது. பழைய மாடுகள் கம்பி ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லை அப்படியே விட்டு வைத்திருந்தன. நல்ல புல். (யானையிடம் இந்த ஜம்பம் பலிப்பதில்லை. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று கண்டுகொண்ட ஆண் யானை, தந்தத்தாலேயே கம்பியை அறுத்துவிட்டுப் போகிறது. எனக்கு அதன்மேல் ரகசியமாக ஒரு மரியாதை உண்டு.)

பதினோரு ஆடுகளின் கழுத்தைப் பார்த்தவன் வேலி போடத்தான் வேண்டும். நானாக இருந்தாலும் போடுவேன். ஆனால் "துன்புறுத்தாத வேலி" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்குக் கையெழுத்துப் போட என்னால் முடியாது. அதற்குக் காரணம் மாடு அல்ல.

என் மகனுக்கு எட்டு வயதாக இருந்தபோது, முடியும் தறுவாயில் இருந்த ஒரு நாவலின் இருபது பக்கங்களை அவன் கப்பல் செய்து மழைத் தண்ணீரில் விட்டுவிட்டான். கன்னத்தில் ஓர் அறை விட்டேன். ஒரே ஒரு தடவை. அதற்கு முன்னும் பின்னும் அவனைத் தொட்டதில்லை. நண்பர்களிடம் இதை நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்: "ஒரே அடி! அப்புறம் என் அறைப் பக்கமே வந்ததில்லை." அவனுக்கு இப்போது பதினேழு வயது. என்னைவிட உயரம். கல்லூரிப் பணம் கேட்க வந்தால் நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் கேட்கிறான். என் அறைக்குக் கதவைச் சாத்துகிற வழக்கமே இல்லை. அவன் தங்கையை நான் ஒருநாளும் அடித்ததில்லை. அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவளும் நிலைப்படியோடு நின்றுவிடுகிறாள்.

ஐந்தாம் நாள் இரவு சத்தம் கேட்கவில்லை. மூன்று நாளாக மேகமூட்டம், பேட்டரியும் பழசு. காலையில் போய்ப் பார்த்தேன். மாடுகள் எல்லாம் உள்ளேயே இருந்தன. ஒரு முழப் புல்லும் அப்படியே இருந்தது. மைத்துனர் பெட்டியைக் கழற்றிக்கொண்டே, "கரண்டு சுத்தமா இல்லீங்க, மாப்பிள்ளை. வேணும்னா தொட்டுப் பாருங்க" என்றார்.

கையை நீட்டினேன். நாலு விரற்கடை தூரத்தில் கை நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் நீட்டினேன், மறுபடியும் நின்றது. அந்த ஐந்து நாளில் நான் அந்தக் கம்பியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. கிடாரி தொட்டதைப் பார்த்ததோடு சரி.