மறைவின் விலை

விடுமுறைக்குச் சென்ற இடத்தில் மணமான இருவர் மறைவாகக் காதலித்தால், அதனை ஒழுக்கக்கேடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. காதலுக்கு வேலியில்லை என்று கொண்டாடுவது அதனினும் எளிது. 1890-ல் சாக்கலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கையைக் கண்டு சென்ற செக்கோவ், 1899-ல் எழுதிய ‘நாய்க்காரச் சீமாட்டி’யில் இவ்விரண்டையும் செய்யவில்லை. யால்டாவில் பழகிய குரோவ், விடுமுறையோடு உறவும் முடியும் என்றே எண்ணினான். முடியவில்லை. ஊரறிந்த வாழ்வு பொய்யாயிற்று. ஒளித்த வாழ்வே மெய்யாயிற்று.

செக்கோவின் கதையில் இல்லாத ஒன்றை ஊவா மலைகளில் காணலாம். 1924-ல் பதுளைவரை இரயில் வந்தது. இன்று பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளை எங்கும் விடுதிகள். துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சிலவும் உல்லாசப் பயணிகளுக்கே. அங்கே கதவுண்டு, திரையுண்டு, எதையும் கேளாத பணிவுண்டு. சற்றுக் கீழே லயம். ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பெற்றோர், பிள்ளைகள், சிலவேளை மணமான மகனும் மருமகளும். கைப்பிடித்த கணவனும் மனைவியுமே தனித்துப் பேச இடமற்ற அவ்விடத்தில், ஒருத்தி வேற்று ஆடவனோடு சிரித்தால் மறுநாள் கொழுந்து மலையெங்கும் அதுவே பேச்சு. பங்களாவில் ‘காதல்’, லயத்தில் ‘நடத்தை’!

ஆகவே இது வசதியுள்ளோர் பாவம் என்று தீர்ப்பெழுதும் தோழர்களும் நம்மிடையே உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனம் ஒன்றாத மணத்தில் ஒருவரைக் கட்டிவைப்பது அறமன்று. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய 497ஆம் பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ல் நீக்கியது நன்றே. இலங்கையில் இது தண்டனைக்குரிய குற்றமன்று. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி மணமுறிவுக்குரிய ஒரு காரணம்.

ஆயின் காதலிக்கும் உரிமை வேறு. இன்னொருவரின் அறியாமையின்மேல் குடியிருக்கும் உரிமை வேறு. வீட்டிலிருக்கும் துணை, உண்மை தெரிந்தால் விலகியிருக்கலாம், மன்னித்திருக்கலாம், தாமும் விடுதலை கேட்டிருக்கலாம். அம்முடிவு அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. பறித்த கொழுந்தின் நிறையைத் தராசு பிடிப்பவர் மட்டுமே அறிந்திருப்பது போன்றது இது. கூடையைச் சுமந்தவள் சொன்ன கணக்கை நம்பவேண்டியதுதான். அன்பு எவ்வளவு மெய்யானதாயினும் இந்தக் கணக்குப் பொய்யே.

இன்னொருவரையும் மறக்கலாகாது. விடுதி அறையைப் பெருக்கி விரிப்பை மாற்றும் பெண், கீழேயுள்ள லயத்திலிருந்தே வந்திருக்கலாம். அவள் யாவும் அறிவாள்; வேலை போய்விடுமே என்று வாய் திறவாள். அந்த இருவரும் ஊர் திரும்பிய பின்னும் அவர்களுடைய இரகசியத்தை, கூலியில்லாமல், அவள்தான் காத்துக்கொண்டிருக்கிறாள்.