மேற்கோளும் கடனும்

ஒரு சிந்தனையாளரின் செல்வாக்கை எண்ணிக் கணக்கிட முடியுமா? முடியும் என்கிறது இன்றைய கல்வியுலகு. 2005ஆம் ஆண்டில் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் அதற்கோர் அளவுகோல் வகுத்தார். ஒருவருடைய ஆக்கங்களுள் 20 ஆக்கங்கள் ஒவ்வொன்றும் 20 தடவையேனும் பிறரால் மேற்கோளாக எடுத்தாளப்பட்டிருப்பின் அவர் பெறும் எண் 20. துறைகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டைச் சரிசெய்து இந்தியானாப் பல்கலைக்கழக ஆய்வாளர் கணித்தபோது, 2013இல், முதலிடம் பெற்றவர் கார்ல் மார்க்ஸ்!

முற்போக்காளருக்கு இச்செய்தி இனிக்கத்தான் செய்யும். எனக்கோ ஐயமே மிகுகிறது. மார்க்ஸைப் போற்றிய கட்டுரையும் ஒன்று. மறுத்த கட்டுரையும் ஒன்று. நூலைத் திறவாமலே பெயரை அடிக்குறிப்பிற் பொறித்த கட்டுரையும் ஒன்றேயாம்.

பிறரிடம் பெற்றதை ஒப்புக்கொள்ளும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் ‘என்ப’, ‘மொழிப’ என்று முந்திய புலவரை ஓயாது சுட்டுகிறார்; பெயர் கூறுவதில்லை. ஹேர்ஷின் கணக்கில் அப்புலவர்க்குக் கிடைப்பது பூச்சியம். அவர்களை நீக்கினால் தொல்காப்பியம் ஏது?

பேராசிரியர் கைலாசபதியை நோக்குவோம். மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் பேர்மிங்காமில் ஆராய்ச்சி செய்தவர் அவர். வீரயுகப் பாடல்கள் பற்றி 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட அவரது ஆங்கில நூல் உலக ஆய்வாளரின் அடிக்குறிப்புகளில் இடம்பெறுகிறது. ஆனால் 1966இல் வந்த ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ தமிழாசிரியரிடையே ஆற்றிய பணியை எந்த அட்டவணை அறியும்? புறநானூற்றுப் பாடமொன்றில், “பாடப்பட்டவன் அரசன், அவனுக்குச் சோறு விளைவித்தவன் யார் சேர்?” என்று ஒரு மாணவி வினவுவாளாயின், அவ்வினாவுக்குள் தொம்சனும் மார்க்ஸும் இருக்கிறார்கள். அவள் அவர்களை அறியாள்.

இதனால் நட்டம் யாருக்கு? எங்கள் கல்முனைப் பகுதி இளைஞரொருவர், விரிவுரையாளராக விரும்புபவர், நெற்காணிக் குத்தகை பற்றி ஆராய்கிறார் எனக் கொள்வோம். தமிழில் எழுதினால் குத்தகைக்காரரே படிப்பர்; பதவியுயர்வுக்கு அது பெரிதும் உதவாது. தொலைதேசத்து ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதினால் எண் கூடும். வயலுக்குச் செய்தி திரும்பாது. அளவுகோல் அளப்பதோடு நின்றுவிடவில்லை. எதை, எம்மொழியில், யாருக்காக எழுதுவதென்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

மார்க்ஸும் மேற்கோளில் சிக்கனம் காட்டியவரல்லர். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளை அவர் மீண்டும் மீண்டும் எடுத்தாள்கிறார். பிள்ளைகள் எத்தனை மணிநேரம் ஆலையில் நின்றனர் என்பதற்கு அவ்வறிக்கைகளே அவருக்குச் சான்று. அப்பரிசோதகருக்கு எண் வழங்கியவர் எவருமிலர்.