டயரும் தர்மமும்: இடமறிதல் குறித்து

கோடை டயர், குளிர்கால டயர், எல்லாப் பருவ டயர் ஆகிய மூன்றில் எது நல்லது என்ற கேள்விக்கு, ஊரைக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே விறைக்கத் தொடங்கி, சாலையின் மீதான பிடியை இழக்கிறது. குளிர்கால டயரின் மென்மையான கலவை குளிரிலும் நெகிழ்கிறது. அதன் நெருக்கமான கீறல்கள் பனியைக் கவ்வுகின்றன. அந்த மென்மையே வெயிலில் வினையாகிறது: டயர் சீக்கிரம் தேய்கிறது, பிரேக் பிடித்தாலும் வண்டி கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கிறது. எல்லாப் பருவ டயர் இரண்டு வேலையையும் ஓரளவு செய்யும். ஒரு பொருளின் நன்மை அதனுள்ளேயே இருக்கிறதா, அது உருளும் மண்ணோடு சேர்ந்துதான் உண்டாகிறதா என்ற பழைய மெய்யியல் கேள்வி இங்கே ரப்பரில் வந்து நிற்கிறது.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இந்தத் தேர்வு எழுவதே இல்லை. பகாவ், லாபு, போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் ஆண்டு முழுதும் ஒரே வெப்பம்தான். அங்கு ஓடும் டயர் எல்லாம் இயல்பில் கோடை டயரே. மாற்று ஒன்று இல்லாததால் யாரும் அதை அப்பெயரால் அழைப்பதில்லை. அங்கே கேள்வி மழையைப் பற்றியது. செம்மண் சாலை சேறாகும்போது செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கு எந்தப் பள்ளவரி பிடிக்கும், தார்ச் சாலையில் தேங்கிய நீரை எந்த டயர் ஒதுக்கித் தள்ளும் என்பதே கணக்கு. அதே மாநிலத்தின் ஜெலுபு, நாட்டிலேயே குறைந்த மழை பெறும் பகுதிகளில் ஒன்று. ஒரு மாநிலத்துக்குள்ளேயே இடம் இவ்வளவு மாறுகிறது.

அத்தோட்டங்களுக்கும் ஒரு ‘குளிர்காலம்’ உண்டு. பிப்ரவரி, மார்ச் வாக்கில், வறண்ட நாள்களில், ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். பால் குறையும், பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானமும் குறையும். ஆங்கிலத் துரைமார்கள் இதற்குத் தங்கள் நாட்டுக் குளிர்காலத்தின் பெயரையே வைத்தார்கள். மரமோ குளிருக்காக இலையை விடவில்லை. ஊரை விட்டுப் பெயரை மட்டும் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். இன்னொரு முரணும் உண்டு. இயற்கை ரப்பர் ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரிக்கு அருகில்தான் கண்ணாடிபோல் இறுகுகிறது. குளிர்கால டயரில் அதன் பங்கு கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். பனியையே காணாத லயத்து மக்கள் வெட்டிய பால், பனிச்சாலைக்காரரின் உயிரைக் காத்திருக்கிறது.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலிமை மட்டும் போதுமென்றால் மற்ற இரண்டும் வேண்டியதில்லை. பெருந்தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது என்ற கருத்தும் இடனறிதலில்தான் வருகிறது. தேரில் குறையில்லை, இடம்தான் அதற்கு உரியதல்ல.

அப்படியானால் எங்கும் ஓடும் நடுவழி டயரே அறிவுடைமையா? நடுவழியைப் போற்றிய அரிஸ்டாட்டிலே இதற்கு எச்சரிக்கை தருகிறார். ஒருவருக்குப் பத்து அளவு உணவு மிகுதி, இரண்டு குறைவு என்றால், பயிற்சியாளர் ஆறு அளவை விதித்துவிட மாட்டார். மல்லன் மிலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயில்பவனுக்கு அதிகம். கணக்கின் நடு வேறு, ஆளுக்கு ஏற்ற நடு வேறு. தென் இங்கிலாந்தைப் போல, பனி சில நாள் எட்டிப் பார்த்துப் போகும் இடத்தில் காலநிலையே நடுவில் நிற்கிறது. அங்கே எல்லாப் பருவ டயர் பொருத்தமான நடு. பகாவில் அது வெறும் கணக்கு நடு. பின்லாந்தின் வட கோடியிலோ அது ஆபத்து.

மென்குளிர் நாட்டில் உண்மையான சிக்கல், வருமா வராதா என்று தெரியாத அந்தச் சில நாள்களைப் பற்றியது. மகாபாரதத்தின் சாந்தி பர்வம் ஆபத்துக் காலத்துக்கென்று ஆபத்தர்மம் என்ற தனிப் பகுதியையே வைத்திருக்கிறது. நெருக்கடியில் பொறுக்கப்படும் விதி, நல்ல நாளில் விதியாக நீடிக்கக் கூடாது என்பது மரபின் எண்ணம். கோடையிலும் கழற்றப்படாத குளிர்கால டயர் இந்தத் தவற்றைத்தான் செய்கிறது. ஜெர்மனியின் சட்டம் இந்த எல்லையை ஓரளவு நன்றாகவே பிடித்திருக்கிறது: 2010 முதல் அது தேதியைப் பார்ப்பதில்லை, சாலையில் பனியோ உறைநீரோ இருக்கிறதா என்று பார்க்கிறது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த எல்லாப் பருவ டயரையும் அது ஏற்கிறது.

இந்த வாதத்தை எல்லை மீறி இழுப்பதும் எளிது. இடத்துக்கு ஏற்ப மாறுவது வழிதான். பிறர் உயிருக்குத் தீங்கு செய்யாமை என்ற நோக்கம் ஊருக்கு ஊர் மாறாது. ஆயுத பூசையன்று தோட்டத்து லாரிக்கும் டிராக்டருக்கும் திருநீறு பூசி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்குகிறார்கள். அந்தச் சடங்கு காப்பை வேண்டுகிறது. டயரின் வேலையைத் தெய்வத்திடம் ஒப்படைப்பதில்லை. பள்ளவரி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த மொட்டை டயர் சிரம்பானிலும் குற்றம், பெர்லினிலும் குற்றம்.