அடுக்களையும் அசையும் பாவையும்

வீட்டு அடுக்களையில் சிறிய வீடியோ பிளேயர் ஒன்றை வைக்கலாமா, வைப்பதானால் எத்தகையதைத் தேர்ந்து எவ்விடத்தில் வைப்பது என்பது கடைக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் அற்ப விஷயமாகத் தோன்றினாலும், கை ஒரு கர்மத்தில் இருக்கையில் சித்தம் எங்கே இருக்க வேண்டும் என்ற பழைய தத்துவ விசாரம் அதனுள் அடங்கிக் கிடக்கிறது. அந்த விசாரத்திற்குக் கொல்லிமலை மிகத் தகுந்த இடம். காண்போர் கண்ணைக் கவர்ந்து நிறுத்தும் ஒரு பாவையின் நினைவு சங்ககாலம் தொட்டு இம்மலையில் வாழ்ந்து வருகிறது. பரணர் முதலிய புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை, தெய்வம் ஆக்கியதென்றும், காற்றும் மழையும் இடியும் தாக்கினும் எழில் குன்றாததென்றும் போற்றப்பட்டது. தீங்கெண்ணி வந்த அரக்கர் அதன் சிரிப்பில் மயங்கி மாண்டனர் என்பது ஐதிகம். அசையும் உருவத்தில் பார்வையைப் பறிகொடுத்தவன் தன்னையே இழக்கிறான் என்பதை அறிந்திருந்தும், நம் முன்னோர் அப்பாவையை வெறுத்து ஒதுக்கவில்லை. அதற்குரிய ஸ்தானத்தை அளித்தனர், எட்டுக்கை அம்மனாக அது இன்றும் வழிபடப் பெறுகிறது.

சமையலும் ஒரு வழிபாடே. தைத்திரீய உபநிஷத்து அன்னத்தைப் பிரம்மமாகக் காண்கிறது. வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு நிறுவிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. ஜப்பானிய ஞானி டோகென் 1237-இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் இயற்றி, அரிசியிலிருந்து மணலைப் பிரிக்கும் கவனத்தையே சாதனையாக வகுத்தார். உண்பவரின் உயிர் ஆக்குபவரின் சிரத்தையை நம்பி நிற்பதால், அடுப்பின்முன் கண் சிதறுவது வெறும் அசட்டை ஆகாது, தர்மத்திற்கு நேரும் குறைவே ஆகும்.

எனினும் இந்த நியாயத்தைச் சொல்லிப் பெண்களுக்கு மட்டும் தவத்தை விதித்துவிட்டு, மற்றவர் கூடத்தில் அமர்ந்து திரைப்படம் பார்ப்பது அதர்மம். கொல்லிமலையில் சாமையை உரலிலிட்டு உலக்கையால் குத்தி உமி நீக்கும் பாரம் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள்மீதே விழுந்தது; உமி நீக்கும் இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்து அதைக் குறைத்தபோது தானியத்தின் புனிதம் குன்றிவிடவில்லை. 2006-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வீட்டின் முன்கட்டில் அமர்ந்தது. 2011-இல் வழங்கத் தொடங்கிய மிக்சியும் கிரைண்டரும் அடுக்களைக்குச் சென்றன. இன்பம் முன்கட்டுக்கும் உழைப்பு பின்கட்டுக்கும் என்ற இந்தப் பிரிவினையை, அடுக்களைக்குள் பாட்டையும் கதையையும் அறிவையும் கொண்டுவரும் ஒரு சிறு கருவி ஓரளவேனும் சமன் செய்யுமாயின் அதை வரவேற்பதே முறை.

ஆகவே அதை விலக்க வேண்டியதில்லை, விவேகத்துடன் தேர்ந்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். நாம் தேர்ந்தெடுத்த வட்டில் அல்லது பென் டிரைவில் உள்ளதை மட்டும் காட்டி, அது முடிந்தவுடன் தானும் நின்றுவிடும் பிளேயர் மேலானது. ஒன்றன்பின் ஒன்றாகத் தானே காட்டிக்கொண்டே போகும் கைப்பேசித் திரை மனத்தை ஓய விடாது, முடிவுள்ள காட்சியோ மனத்தை நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. விறகடுப்பின் கரியும் தாளிப்பின் எண்ணெய்ப் புகையும் மலையின் பனி ஈரமும் வட்டைப் படிக்கும் கண்ணாடியை மங்கச் செய்வனவாதலால், அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் எட்டி, மின்கம்பி தொங்காதபடி, எதிர்ச்சுவரில் ஒரு பலகையிட்டு வைப்பது கருவிக்கு நல்லது. மனிதருக்கும் அதுவே நல்லது. தீயை நோக்கி நிற்கையில் செவி மாத்திரம் கேட்டிருக்கும், கீரை ஆய உட்காரும்போது கண் தானாகத் திரும்பும்.

தீக்கும் கண்ணுக்கும் நடுவே திரை வரலாகாது; கரியும் ஈரமும் எட்டாத மற்ற எந்த இடமும் அதற்குத் தகும். இந்த வரம்பைக் காத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன் எதைக் கேட்க விருப்பம், எங்கே வைத்தால் வசதி என்று அன்றாடம் அடுப்பின்முன் நிற்பவரை முதலில் கேளுங்கள். அவருடைய விருப்பமே அவ்வீட்டில் இறுதித் தீர்ப்பாக இருக்கட்டும்.