வெட்டுப்புள்ளியும் நீதியும்

மென்பொருள், கணினி விளையாட்டு போன்ற துறைகளில் பெண்களின் எண்ணிக்கையை முயன்று கூட்டுவது நீதியா, தகுதிக்கு இழைக்கும் அநீதியா என்ற வாதம், தகுதி என்றால் என்ன என்ற கேள்வியில்தான் போய் முடிகிறது. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பெருநிலப்பரப்பு இந்தக் கேள்விக்கு நடைமுறையில் ஏற்கெனவே ஒரு பதிலை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. இந்த முறைக்குக் கசப்பான முன்கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த, பரீட்சை மொழிக்கேற்பப் புள்ளிகளைச் சரிசெய்த தரப்படுத்தலும் 1974இன் மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்து மாணவருக்குப் பேரிழப்பாயின. போதிய ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத மாவட்டங்களுக்கோ அதே மாவட்ட ஒதுக்கீடு ஒரு வழியைத் திறந்தது. இன்று முல்லைத்தீவு மாணவர் ஒருவர் கொழும்பின் வெட்டுப்புள்ளிக்கு, அதாவது அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளிக்கு, கீழே நின்று பொறியியல் பீடம் புகுந்தால், இடப்பெயர்வின் வடுக்களுக்கும் ஆசிரியர் பற்றாக்குறைக்கும் நடுவே எடுத்த புள்ளி அது என்று ஊர் சொல்லும். புள்ளி திறமையை மட்டுமன்றி, படித்த சூழலையும் சேர்த்தே அளக்கிறது என்பதே இதன் பொருள். மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலும் ஏறத்தாழ இதையே வாதிடுகிறது: பிறந்த குடும்பமும் இடமும் எவரும் உழைத்துச் சம்பாதித்தவை அல்ல.

மாவட்டத்துக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைப் பெண்ணுக்கு மறுக்க வேண்டுமானால், வேறுபாடு சூழலில் அல்ல, இயல்பிலேயே இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 1869இலேயே இதற்கு மறுப்புச் சொல்லிவிட்டார்: கட்டுப்பாட்டுக்குள் வளர்க்கப்பட்டவர்களைப் பார்த்து அவர்களின் இயல்பை எவரும் அறிய முடியாது. வன்னியில் பலர் பின்பற்றும் சைவ சித்தாந்தமும் இதற்கு இடம் தரவில்லை. உயிருக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் ஆணுக்கு ஒரு வகை, பெண்ணுக்கு ஒரு வகை என்று அமைவதில்லை. வினைக்கு ஏற்பவே உடல் வாய்க்கிறது என்ற கொள்கையைச் சமூக வழக்கங்களுக்கு அரணாக்குவோர் உண்டு. ஆனால் உடல் வாய்த்த காரணத்தைச் சொல்லும் கொள்கை, அந்த உடலோடு எந்தத் தொழிலைச் செய்யலாம் என்று விதிப்பதில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் வடக்கின் முகமாலையில் உலோகம் கண்டறியும் கருவியுடன் கண்ணிவெடி அகற்றியவர்களில் பெண்கள் பலர். குடும்பத்தைத் தனியே சுமந்தவர்களும் அவர்களில் இருந்தனர். கருவியைக் கையாளப் பெண்ணால் முடியுமா என்ற தத்துவ விசாரம் அங்கே பெரிதாக எழவில்லை. உயிராபத்தான வேலைக்குத் தேவைப்படாத அந்த விசாரம், குளிரூட்டிய அறையில் கணினி முன் இருக்கும் வேலைக்கு மட்டும் தேவைப்படுகிறது.

எனினும் மாவட்ட ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. மாவட்ட ஒதுக்கீடு திருத்துவது புள்ளிக் குறைவை. பெண்களுக்கு அது பொதுவான குறையல்ல: நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பான்மையினர் அவர்களே. பொறியியலில்தான் குறைவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. அதன் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. படிப்பு வாசலுக்கே வந்துவிட்டது, வேலையோ பெரும்பாலும் கொழும்பில். தங்குமிடம், இரவுப் பயணம், கலியாணப் பேச்சு என்று தடைகள் பட்டத்துக்குப் பிறகே தொடங்குகின்றன. வெட்டுப்புள்ளியைக் குறைத்து இவற்றைத் தீர்க்க முடியாது.

வீட்டிலிருந்தே செய்யும் மென்பொருள் வேலை இத்தடைகளைச் சுற்றிச் செல்கிறது. ஆனால் பெண் ஊரை விட்டுப் போகக் கூடாது என்ற எதிர்பார்ப்பை அது தொடுவதில்லை. விரதம் இருப்பவரும் பட்டினி கிடப்பவரும் உண்ணாதவர்களே, ஆனால் முதலாமவருக்குத் தெரிவு இருந்தது என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் காட்டும் வேறுபாடு இங்கே பொருந்தும். கொழும்பு வேலை கையில் இருந்தும் கிளிநொச்சியில் தங்க விரும்பியவரும், போக விடப்படாதவரும் ஒரே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் ஒரே வரியாகவே பதிவாகிறார்கள்.