சிறியோர் முன் அமரும் கல்வி

கல்வியின் உயரம் எதனால் அளக்கப்படுகிறது? வாதத்தில் வென்றவர்களின் எண்ணிக்கையாலா, அதனால் பயன்பெற்ற எளியவர்களாலா? இக்கேள்விக்குத் தமது வாழ்வாலேயே விடை தந்தவர் ழான் ஜெர்சோன்.

பிரான்ஸ் நாட்டின் ஷாம்பேன் பகுதியில் 1363-ஆம் ஆண்டு, பன்னிரண்டு குழந்தைகளுள் மூத்தவராக அவர் பிறந்தார். பக்தியுள்ள பெற்றோரே அவருடைய முதல் ஆசிரியர்கள். பாரிஸில் இறையியல் பயின்று, 1395-இல் அப்பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். ஐரோப்பாவின் பேரறிஞர்கள் செவிசாய்த்த பீடம் அது.

ஆயினும், 1400-ஆம் ஆண்டு அவர் எழுதிய 'தியான மலை' அறிஞர்களுக்கான நூலன்று. லத்தீன் அறியாத தம் சகோதரிகளுக்காக, வீட்டில் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே அதை எழுதினார். இறைவனை நாடப் புலமையைவிட அன்பே சிறந்த வழி என்பது அதன் சாரம்.

சிறுவர்களுக்கு மறைக்கல்வி புகட்டுவதிலும் அவர் ஈடுபட்டார். இத்தகைய பதவியில் இருப்பவருக்கு இது தகுமா என்ற கேள்வி எழுந்தது. குழந்தைகளை இறைவனிடம் அழைத்துச் செல்வது பற்றி அவர் எழுதிய சிறுநூல் அதற்குப் பதிலாக அமைந்தது. மிரட்டலால் மூடிக்கொள்ளும் இளம் உள்ளம் கனிவால் திறக்கும். ஆகவே கற்பிப்பவர் தமது உயரத்திலிருந்து இறங்கி வரவேண்டும் என்பது அவர் கருத்து.

மூன்று போப்பாண்டவர்கள் உரிமை கோரித் திருச்சபை பிளவுண்டிருந்த காலம் அது. அப்பிளவைத் தீர்க்கக் கூடிய கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் (1414–1418) அவர் முன்னணியில் நின்றார். அதே சங்கம்தான் 1415-இல் ஜான் ஹஸ் என்ற போதகரைக் குற்றவாளியாக்கித் தீக்கு இரையாக்கியது. ஹஸ்ஸின் கருத்துகளைக் கண்டித்தோருள் ஜெர்சோனும் ஒருவர். புலமை பிளவை ஆற்றவும் வல்லது, உயிரைப் பறிக்கத் துணைபோகவும் வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அரசியல் பகையால் அவர் பாரிஸ் திரும்ப இயலவில்லை. 1419-இல் லியோன் நகரை அடைந்து, எஞ்சிய பத்தாண்டுகளை அங்கேயே கழித்தார். பேரவைகளில் முழங்கிய அவரைச் சுற்றி இப்போது அமர்ந்திருந்தவர்கள் சிறு பிள்ளைகள்! 1429 ஜூலை 12 அன்று அவர் மறைந்தார். இறுதி நாட்களில், தமக்காகப் பிரார்த்திக்குமாறு அக்குழந்தைகளையே அவர் வேண்டினார் என்பது வழிவழிச் செய்தி.

இன்று பல இறையியல் கல்லூரிகள் குழந்தைகள், இளைஞர், குடும்பம் ஆகியோருக்கான பணிக்கெனச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகின்றன. மறைநூலுடன் குழந்தையின் வளர்ச்சி, இளமையின் ஐயங்கள், இல்லறத்தின் சிக்கல்கள் ஆகியவற்றையும் கற்பிக்கின்றன. இது தேவையான பயிற்சியே. அறியாமையோடு கூடிய ஆர்வம் இளம் உள்ளத்தைக் காயப்படுத்திவிடும். ஆனால் சான்றிதழ், பயின்றதற்கு மட்டுமே சாட்சி. அதைப் பெற்றவர் ஒரு குழந்தையின் கேள்விக்கு முன் பொறுமையுடன் அமர்கிறாரா என்பதை எந்தத் தேர்வுத்தாளும் சொல்லாது, அக்குழந்தையே சொல்லும்.

கற்பிக்கச் செல்பவர் முதலில் தமக்குள் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: 'இந்தக் குழந்தையிடம் எனக்காகப் பிரார்த்திக்கும்படி கேட்கும் பணிவு எனக்கு உண்டா?' அப்பணிவு உள்ள இடத்தில் கல்வி வழிபாடாகிறது.