நீலியின் வாக்குமூலம்

அழும் பெண்ணைச் சந்தேகிப்பதற்கென்றே தமிழில் ஒரு சொல் இருக்கிறது: நீலிக் கண்ணீர். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வந்து அழுகிறவளைப் பார்த்து இந்தச் சொல் வருகிறது. கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து தாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுகிறவளைப் பார்த்தும் வருகிறது. அரசியல் மேடைகளில் ஆண்களும் ஒருவர்மீது ஒருவர் இதை வீசிக்கொள்கிறார்கள். அப்போதும் அதன் கூர்மை, 'பெண்ணைப்போலப் பொய்யாக அழுகிறான்' என்பதில்தான் இருக்கிறது. நீலி ஏன் அழுதாள் என்று இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் கேட்பதில்லை.

பழையனூர் நீலியின் கதைக்குப் பல வழக்குகள் உண்டு. பரவலாகச் சொல்லப்படுவது இது. ஒருவன் தன் மனைவியை நம்பவைத்து அழைத்துச் சென்று, திருவாலங்காட்டுப் பக்கம் வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான், அவள் பேயாக அலைகிறாள். அவன் பழையனூர் வரும்போது அவனுடைய மனைவியின் உருவெடுத்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தொடர்கிறாள். அவனிடம் பேயை அண்டவிடாத ஒரு மந்திரக் கத்தி இருக்கிறது. ஊர்ச் சபையில் இருந்தவர்கள் வேளாளர் 70 பேர். அவர்கள் முன் நின்று, 'என் கணவர் என்னைக் கைவிடுகிறார், சேர்த்துவையுங்கள்' என்று நீலி அழுகிறாள். 'இவள் என் மனைவியில்லை, பேய்' என்கிறான் வணிகன். சபை அவளை நம்புகிறது. கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் உயிருக்குத் தங்கள் உயிரையே பிணையாகச் சொல்லி, இருவரையும் ஓர் அறையில் தங்கவைக்கிறது. விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். கொடுத்த வாக்கைக் காக்க 70 பேரும் தீப்பாய்கிறார்கள்.

7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைக் குறிக்கும்போது, அவள் வஞ்சம் செய்து உயிர் கொண்டவள். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைக் குறிக்கும்போது, அது வேளாளரின் வாய்மைக்குச் சான்று. சபையோருக்குப் புகழ் கிடைத்தது, வணிகனுக்கு அனுதாபம் கிடைத்தது, நீலிக்கு ஒரு பழமொழி கிடைத்தது. கதையில் நடப்பவை இரண்டு கொலைகள். முதல் கொலைக்கு எந்தச் சபையும் கூடவில்லை, எவரும் தீப்பாயவில்லை.

வகுப்பில் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறேன். நீலி அந்தச் சபையில் என்ன சொன்னாள்? 'இவன் என்னைக் கொன்றான்' என்று அவள் சொல்லவில்லை. அதுதான் உண்மை, அதைச் சொல்லத்தான் அவளிடம் நாக்கு இல்லை. அவள் சொன்னது, 'இவர் என் கணவர், என்னை இவரோடு அனுப்புங்கள்' என்பது. கொல்லப்பட்டவளாக வந்திருந்தால் வேப்பிலை அடித்து விரட்டியிருப்பார்கள். கையில் குழந்தையோடு, கணவனைக் கேட்டு அழும் பத்தினியாக வந்ததால் நம்பினார்கள். நீலி பொய் சொன்னாள் என்பது சரிதான். ஆனால் அந்தச் சபைக்குக் கேட்கத் தெரிந்த ஒரே வாக்கியம் அந்தப் பொய்யாக இருந்தது. அவள் அதைத் தெரிந்துகொண்டு வந்தாள்.

நான் வசிக்கும் யானைக்கவுனியிலிருந்து நீலியின் ஊர் தொலைவில் இல்லை. எங்கள் பாலத்துக்கு அடியில் போகும் அரக்கோணம் மின்ரயில் திருவாலங்காட்டில் நிற்கும். இங்கே மதிலும் இல்லை, கவுனியும் இல்லை, யானையும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. பழைய கறுப்பர் நகரத்தின் மதிலுக்காகப் போட நினைத்த வரி வால்டாக்ஸ் சாலையின் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நீலியின் கதையும் அப்படித்தான்: காரணம் உதிர்ந்துபோய்க் கண்ணீர் மட்டும் மொழியில் தங்கிவிட்டது.

ஆனால் நீலி இங்கே வேறு வடிவத்தில் தினமும் வந்துகொண்டிருந்தாள். 2015-இல் இந்தியில் கலர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நாகின்' தொடர், பின்னர் 'நாகினி' என்று தமிழ் பேசி சன் தொலைக்காட்சியில் வந்தது. சௌகார்பேட்டை வட்டாரத்தில் மார்வாடி வீடுகளும் தமிழ் வீடுகளும் ஒரே சந்தில் இருப்பதால், ஒரே பாம்புப்பெண் ஒரு வீட்டில் இந்தியிலும் அடுத்த வீட்டில் தமிழிலும் சீறினாள். பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்க வரும் சிவன்யா, அந்த வீட்டு மகனை மணந்து மருமகளாக உள்ளே நுழைகிறாள். அதாவது நீலி நுழைந்த அதே வாசல் வழியாக. 2017-இல் சுந்தர் சி. கதையில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நந்தினி'யும் பாம்பும் ஆவியும் பழியும் சேர்ந்த தொடர்தான். பழி கேட்டு வருகிறவளுக்கு நம் கதைகள் திறந்துவைத்திருக்கும் ஒரே கதவு தாலி.

இந்தத் தொடர்களைப் பார்க்கும் பெண்களை ஏளனம் செய்வது படித்தவர்களுக்கு எளிது. எதிர்வீட்டு அக்காவிடம் நாகினியில் என்ன பிடிக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "அவ பாம்புன்னு அந்த வூட்டுல யாருக்கும் தெரியாது பாரு, அதான் நல்லாருக்கு" என்றார். பழிவாங்கும் காட்சியை அவர் சொல்லவில்லை. தலைகுனிந்து காபி நீட்டும் மருமகளின் பல்லில் விஷம் இருக்கிறது என்பது பார்க்கிற தனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்திருக்கும் அந்த நேரத்தைச் சொன்னார். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு அந்த ரகசியம் ஓர் இளைப்பாறல். அதை மூடநம்பிக்கை என்று மட்டும் ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

இருந்தாலும் கேள்வி மிஞ்சுகிறது. பேயும் பாம்பும் வழங்குவது நீதியா?

என் மாணவிகள் கொரியத் தொடர்களை விரும்பிப் பார்க்கிறவர்கள். அவர்கள் வழியாக 'அராங் அண்ட் த மேஜிஸ்ட்ரேட்' என்ற 2012-ஆம் ஆண்டுத் தொடர் எனக்கு அறிமுகமானது. அதன் வேர் கொரியாவின் மிரியாங் நகரத்துப் பழங்கதை. வன்புணர்வை எதிர்த்ததால் கொல்லப்பட்ட அராங், ஊருக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு நீதி அதிகாரியின் முன்னும் இரவில் தோன்றுகிறாள். முறையிடத்தான் வருகிறாள். அவர்களோ பயத்திலேயே செத்துப்போகிறார்கள். கடைசியாக வந்த ஒருவர் பயப்படாமல் உட்கார்ந்து, அவள் சொல்வதைக் கேட்கிறார். விடிந்ததும் குற்றவாளியைப் பிடித்துத் தண்டிக்கிறார். அதன்பிறகு அராங் வருவதில்லை.

அராங் யாரையும் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். முந்தைய அதிகாரிகளைக் கொன்றது அவளுடைய பழியுணர்ச்சியன்று. ஒரு பெண் சொல்வதைக் கேட்க முடியாத அவர்களுடைய அச்சம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு செவி. செவி கிடைத்ததும் பேய்க்கு வேலையில்லாமல் போய்விட்டது. நீலிக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அதனால் அவளே நீதிபதியாகவும் கொலையாளியாகவும் ஆக வேண்டியிருந்தது. வணிகன் செத்தான், ஆனால் எதற்காகச் சாகிறோம் என்று அவனுக்குத் தெரியாது, முற்பிறவியின் நினைவு அவனுக்கு இல்லை. ஊருக்கும் தெரியாது. தண்டனை நிறைவேறியது, குற்றம் மட்டும் கடைசிவரை எங்கும் பதிவாகவில்லை. பழியின் குறை அதன் கொடூரத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அது கொன்றுவிட்டுப் பேசாமல் போய்விடுகிறது என்பதே அதன் குறை.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி நம் சட்டமும் ஏறத்தாழ இதே கதையைச் சொல்கிறது. கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983-இல் வந்தது. வரதட்சணைச் சாவுக்கான 304பி பிரிவு 1986-இல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதாவில் வேறு எண்களோடு தொடர்கின்றன. திருமணமான 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, சாவுக்குச் சற்று முன் வரதட்சணை கேட்டுத் துன்புறுத்தப்பட்டாள் என்று காட்டப்பட்டால், அது வரதட்சணைச் சாவு என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். உயிரோடு வந்து புகார் கொடுப்பவளுக்கு இப்படி ஓர் அனுமானத்தின் துணை இல்லை. அவள் ஒவ்வொன்றையும் நிரூபிக்க வேண்டும். அவளுடைய பிரிவைத் தவறாகப் பயன்படுத்துவது சட்டப் பயங்கரவாதமாகிவிடும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. 2017-இல், இந்தப் பிரிவில் வரும் புகார்களை மாவட்டந்தோறும் குடும்ப நலக் குழுக்கள் முதலில் பார்க்க வேண்டும், அதுவரை கைது கூடாது என்று உத்தரவிட்டது. மறு ஆண்டே அந்தக் குழுக்களை உச்ச நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. அந்த உத்தரவைப் படித்தபோது எனக்குப் பழையனூர்ச் சபைதான் நினைவுக்கு வந்தது.

மரண வாக்குமூலத்துக்குச் சட்டம் தரும் மதிப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சாகப்போகிறவர் பொய் சொல்லமாட்டார் என்பது அதன் அடிப்படை. அதில் பெரிய ஞானம் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கம் எனக்குக் குளிர் எடுக்கவைக்கிறது: வாழப்போகிறவள் பொய் சொல்லக்கூடும். அதிலும் தீக்காயப் பிரிவுகளில் எத்தனையோ பெண்கள் கடைசி மூச்சிலும் 'அடுப்பு வெடித்தது' என்றுதானே சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் அந்த வீட்டில்தானே வளர வேண்டும். அந்த வாக்குமூலத்தில் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் நம் கதைகளுக்கு ஒரு பேய் தேவைப்படுகிறது. செத்த பிறகுதான் அவளுக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை.

நீலிக்கு இன்னொரு வாழ்க்கையும் தமிழில் கிடைத்தது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யில், பழையனூர் நீலி ஒரு சமண முனிவரை அச்சுறுத்த வருகிறாள். அவர் அசையாததைக் கண்டு அவரிடம் அறம் கேட்டு, பேய்த்தொழிலை விட்டு, தர்க்கம் கற்றவளாக ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். அவள் வாதிடுபவர்களில் ஒருத்தி குண்டலகேசி. தன்னை மலையிலிருந்து தள்ளிக் கொல்ல அழைத்துப்போன கணவனை, வலம்வருவதுபோல் பின்னால் சென்று தானே தள்ளிவிட்டவள். பிறகு வாதம் கற்று, பௌத்தத் துறவியானவள். கணவனால் கொல்லப்பட்டவள் என்று ஊர்க்கதை சொல்லும் ஒருத்தியும், கணவனைக் கொன்று பிழைத்த ஒருத்தியும் ஒரு சபையில் எதிரெதிரே அமர்ந்து உயிர், வினை, வீடுபேறு என்று விவாதிக்கிறார்கள்.

அது ஒரு சமயத்தை நிலைநாட்ட எழுதப்பட்ட நூல் என்பதை நான் மறக்கவில்லை. நீலியின் கோபத்தைக் கொல்லாமைக்குள் அது அடக்கிவிடுகிறது, அந்தக் கோபத்தின் நியாயத்தை விசாரிக்கவில்லை என்ற மனக்குறையும் எனக்கு உண்டு. ஆனால் பழையனூரில் அவளுக்கு இல்லாத ஒன்றை அந்த நூல் தந்திருக்கிறது. அங்கே அவள் யாருடைய மனைவியாகவும் நடிக்க வேண்டியதில்லை. இடுப்பில் குழந்தை தேவையில்லை, கண்ணீரும் தேவையில்லை. அவள் சொல்வதைச் சபை கேட்கிறது. மறுக்க வேண்டுமானால் காரணம் சொல்லித்தான் மறுக்க வேண்டும்.

நாகினியைப் பார்க்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பல்லில் விஷம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும் உரிமை சோர்ந்துபோன எல்லாப் பெண்களுக்கும் உண்டு. ஆனால் விஷம் எவ்வளவு ஏறினாலும் அது ஒரு வாக்குமூலம் ஆகிவிடாது. அடுத்தமுறை யாராவது 'நீலிக் கண்ணீர்' என்று சொன்னால், முதல் கொலையைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். அது எப்போது நடந்தது, யார் செய்தது, அன்று அந்த 70 பேரும் எங்கே இருந்தார்கள் என்று.